சீனியாரிட்டிப்படி ஓர் ஆசனம்

எனக்கு வாய்த்த எதையும் நானே சம்பாதித்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. அப்பா கொச்சி கார்ப்பரேஷனில் துப்புரவுத் தொழிலாளியாக இருந்து, சர்வீசில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தார். அதனால் எனக்கு வாரிசு வேலை வந்தது. மட்டாஞ்சேரியில் அவர் குடியிருந்த லைன் வீடும் கூடவே வந்தது. கல்யாணமும் அப்படித்தான். அத்தைக்குப் பெண் பிறந்த அன்றைக்கே ‘இவள் அவனுக்கு’ என்று பேசி முடித்துவிட்டார்கள். அந்த ‘அவன்’ நான்தான். அப்போது அரைஞாண் கயிற்றோடு தெருவில் ஓடிக்கொண்டிருந்தேன். பிற்பாடு தொழிலாளியாக இருந்தவன் ஆபீஸ் அட்டெண்டர் ஆனதுகூட, எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றதால். இதில் என் பங்கு என்னவென்றால், வரிசையை விட்டு நகராமல் நின்றது. அதை நன்றாகவே செய்தேன்.

இப்படிப்பட்டவன் தொண்ணூறுகளின் கடைசியில் அஷ்டாங்க யோகம் கற்கப் போனேன். ஆரோக்கியத்தில் அக்கறை வந்து போனேன் என்றால் என் மனைவியே சிரிப்பாள். நான் போனது ஒரு நோட்டீஸ் கொடுக்க.

பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கு. கீழே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சுக்கு பொறுக்குவார்கள். என் மனைவியும் அவர்களில் ஒருத்தி. மேலே பலகைத் தளம் போட்ட பழைய மாடி. அதை வாடகைக்கு எடுத்து ஒரு பெண் யோகா சொல்லிக்கொடுப்பதாகவும், வெள்ளைக்காரர்கள் விடிவதற்குள் வந்து குவிவதாகவும் கேள்விப்பட்டிருந்தேன். மாடிக்கு லைசென்ஸ் எடுக்கச் சொல்லும் நோட்டீஸை ஆபீசில் என் கையில் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் ஆபீஸ் போகும் வழியில் காலையிலேயே போனேன். படியேறும்போதே மேலிருந்து புஸ் புஸ் என்று சத்தம். யாருக்கோ இழுப்பு வந்துவிட்டது, ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்து இரண்டிரண்டு படியாகத் தாவினேன். போய்ப் பார்த்தால் அத்தனை பேருக்கும் இழுப்பு. வேர்வை சொட்டச் சொட்ட ஆளுக்கொரு கோணத்தில் மடங்கிக் கிடந்தார்கள். வகுப்பு என்றால் ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர்கள் செய்ய வேண்டும். இங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை. அவரவர் பாட்டுக்கு ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். அந்த விதத்தில் எங்கள் ஆபீஸ் மாதிரியே இருந்தது.

டீச்சர் மலையாளி. என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். மைசூரில் பல வருஷம் தங்கிக் கற்றவர் என்று பிறகு தெரிந்தது. நோட்டீஸில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். பேனா கீழே விழுந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, ஒரு காலை நீட்டி அதை எடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சேட்டனுக்கு நடுவேதனை உண்டோ?”

நடுவேதனை என்றால் இடுப்புவலி. இருந்தது, நிறைய இருந்தது. ஆனால் நோட்டீஸ் கொடுக்க வந்தவன் வலியை ஒப்புக்கொள்வது பதவிக்கு அழகில்லை என்று பட்டது.

“அதெல்லாம் இல்லை டீச்சர், சும்மா ஒரு பிடிப்பு.”

“நாளெ ராவிலெ வரு. வயிறு காலியா வரணும்.”

ராவிலெ என்று அவர் சொன்னது காலையில். மறுநாள் காலையில் போனேன். ஏன் போனேன் என்று இன்றும் விளங்கவில்லை. ஒருவேளை, அதுவரை யாரும் எனக்காக மெனக்கெட்டு ‘வா’ என்று சொன்னதில்லை என்பதால் இருக்கலாம்.

அங்கே நடைமுறை இதுதான். முதல் நாள் சூரிய நமஸ்காரம் மட்டும். அது வந்த பிறகு அடுத்த ஆசனம். அது கைகூடிய பிறகு அதற்கடுத்தது. வரிசை மாறாது. டீச்சர் ‘தந்தால்’ ஒழிய நாமாக அடுத்ததைத் தொடக்கூடாது. நமக்குத் தந்த கடைசி ஆசனம் வந்ததும் டீச்சர் “மதி” என்பார். போதும் என்று அர்த்தம். அத்தோடு முடித்து, படுத்து எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதைக் கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்தது. கடைநிலையில் சேருவது, ஒவ்வொரு படியாக ஏறுவது, மேலிடம் உத்தரவு போட்டால் நகர்வது. இதைவிட எனக்குத் தெரிந்த விஷயம் உலகத்தில் என்ன இருக்கிறது? அஷ்டாங்கத்தை ஒரு சர்வீஸ் என்று அன்றே முடிவு கட்டிக்கொண்டேன். என் எல்லாக் கேவலங்களும் அந்த முடிவிலிருந்து கிளம்பியவைதான்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. நிற்கும் ஆசனங்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. இடுப்புவலி சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் காணாமல் போனது. சனிக்கிழமை விடுமுறை, அன்று எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும் என்றார் டீச்சர். வீட்டில் வந்து பயபக்தியோடு எண்ணெய்க் கிண்ணத்தைக் கேட்டேன்.

“கல்யாணமான நாள்ல இருந்து நான் தொண்ட கிழியச் சொல்றது இதத்தானே அத்தான்?” என்றாள் மனைவி. “மாடிப்படி ஏறிப் போய்க் கேட்டாத்தான் காதுல விழுமோ?”

எண்ணெய்க் குளியலை மட்டும் நான் முதல் வாரத்திலேயே பிழையில்லாமல் செய்தேன். மற்றவற்றில் பிழை உண்டு. மூச்சைத் தொண்டையில் உரசவிட்டு சத்தமாக இழுக்க வேண்டும் என்பதால் வீட்டில் பழகிப் பார்த்தேன். லைன் வீட்டில் ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம். பக்கத்து வீட்டுக்காரர் மாலையில் ஆபீசுக்கே வந்து, தனக்குத் தெரிந்த ஆஸ்துமா டாக்டர் கலூரில் இருப்பதாகவும், கூடவே வரத் தயார் என்றும் அன்போடு சொன்னார். அதன் பிறகு வீட்டில் மூச்சு விடுவதைக் குறைத்துக்கொண்டேன்.

உட்காரும் ஆசனங்களும் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு வருஷம் போல ஓடியிருக்கும், மரீசி முனிவரின் பேரில் இருக்கும் ஆசனங்களுக்கு வந்து சேர்ந்தேன். அதில் நான்கு வகை. நான்காவதுதான் என் கதை. ஒரு காலை மடக்கி, பாதத்தை எதிர்த் தொடையின் மேல் ஏற்ற வேண்டும். மற்ற காலைக் குத்திட்டு வைக்க வேண்டும். பிறகு உடம்பை முறுக்கித் திருப்பி, குத்திட்ட முழங்காலைச் சுற்றிக் கையைப் பின்னால் கொண்டுபோய், முதுகுக்குப் பின் மற்ற கையைப் பிடிக்க வேண்டும். இருபக்கமும் இப்படி. இதைக் கண்டுபிடித்த முனிவர் மரவள்ளிக் கப்பையும் மீனும் சாப்பிட்டிருக்க வாய்ப்பில்லை. எனக்கும் என் முழங்காலுக்கும் நடுவே என் வயிறு உட்கார்ந்திருந்தது. முறுக்கித் திரும்பும் நேரத்தில் வயிறு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிரிந்து, மடக்கிய கால் வழுக்கி, பொத்தென்று சாய்வேன்.

பலகைத் தளம் என்று சொன்னேன் அல்லவா? நான் சாயும்போதெல்லாம் கீழே சுக்கின் மேல் தூசி கொட்டும். பெண்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தாள் என் மனைவி.

“இது எங்க வீட்டு ஆளு,” என்பாளாம். “வெள்ளக்காரி விழுந்தா இப்படிக் கேக்காது.”

நாலாம் மரீசியில் நின்றேன். மாதக்கணக்காக நின்றேன். தினமும் டீச்சர் வருவார், என் இரண்டு கைகளுக்கும் நடுவே மிச்சமிருக்கும் வெளியைப் பார்ப்பார், “மதி” என்பார். ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டேன். போகப் போக அந்த வார்த்தை என்னைக் குத்தத் தொடங்கியது. ராத்திரி படுத்தால் விரல்கள் முதுகுப் பக்கம் தேடின. சாப்பாட்டைக் குறைத்தேன். பொரோட்டாவை விட்டேன். ஆபீசில் பைல் எடுக்கும் சாக்கில் திரும்பித் திரும்பி முறுக்கிக்கொண்டேன். சூப்பிரண்டு, “என்னடோ, பேய் பிடிச்சோ?” என்றார்.

என் வெறி எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு ராத்திரி மனைவியிடம் கொட்டித் தீர்த்தேன். “வேலை அப்பா செத்து வந்தது. வீடு அதோட வந்தது. புரமோஷன் அடுத்தவன் ரிட்டயர் ஆகி வந்தது. நானா, எனக்கா, என் சாமர்த்தியத்துல ஒண்ணு கிடைக்கணும். ஒண்ணே ஒண்ணு. இந்தக் கை எட்டினா அது என்னோடது. வேற எவனும் கொடுத்ததாகாது.”

“அப்ப நான்?” என்றாள் அவள், பாயை விரித்துக்கொண்டே.

“உன்னைப் பாட்டனும் மாமனும் பேசி வச்சாங்க.”

“செரி. உங்க கை எட்டட்டும்,” என்று விளக்கை அணைத்துவிட்டாள். கோபமா இல்லையா என்று இருட்டில் தெரியவில்லை.

சீசன் வந்தது. வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். தன் உயரத்துக்கு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வந்து என் பக்கத்தில் இடம் பிடித்தாள். முதல் நாள் சூரிய நமஸ்காரத்துக்கே தடுமாறினாள். நான் மனசுக்குள் அவளை ஆசீர்வதித்தேன். கிறிஸ்துமஸ் வருவதற்குள் அவள் நாலாம் மரீசிக்கு வந்துவிட்டாள். ஏதோ வீட்டுத் தாழ்ப்பாளைப் போடுவது போலக் கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடித்தாள். டீச்சர் அவளிடம் ‘மதி’ சொல்லவில்லை. அடுத்ததைக் காட்டிக்கொடுத்தார்: நாவாசனம். புட்டத்தில் உட்கார்ந்து, காலையும் உடம்பையும் தூக்கி, படகு போல நிற்பது. எனக்கு வர வேண்டிய படகு. அவள் அதில் ஏறிப் போய்க்கொண்டே இருந்தாள்.

இதைப் பொறுக்க முடியாமல் புகைந்துகொண்டிருந்த இன்னொருவரும் அங்கே இருந்தார். கொங்கணிக்காரர், அப்பளக் கடை வைத்திருந்தார். என்னைப் போலவே நாலாம் மரீசியில் மாட்டிக்கொண்டவர். தெருவோர வியாபாரிகள் சங்கத்தில் அவர் செயலாளர். நானோ யூனியன் ஆள். ஹர்த்தால், தர்ணா, கோரிக்கை எல்லாம் எங்கள் இருவருக்கும் அத்துப்படி. ஒருநாள் வகுப்பு முடிந்து எதிர்ச் சாயாக்கடையில் உட்கார்ந்தோம்.

“நேத்து வந்தவங்களுக்கு எல்லாம் கிட்டுது,” என்றார். “நம்மள் ரெண்டாளும் இந்த ஊர்க்காரங்க. நமக்கு ஒரு நியாயம் வேண்டாமோ?”

“இது சீனியாரிட்டி விஷயம்,” என்றேன். “தனித்தனியாக் கேட்டா எடுபடாது. சேர்ந்து போகணும்.”

இப்போது எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. மோட்சத்துக்கு வழி என்று ஆயிரமாயிரம் வருஷமாகச் சொல்லிவரும் ஒரு சாதனையில், இரண்டு பேர் சாயா குடித்துவிட்டு நிவேதக சங்கமாகக் கிளம்பினோம். கோரிக்கை மனுவோடு போகும் தூதுக்குழுவுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். நான் முன்னால், அவர் பின்னால்.

டீச்சர் ஈரத் துணியால் தளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் தொண்டையைச் செருமி, யூனியன் கூட்டத்தில் பேசும் குரலில் ஆரம்பித்தேன். பழைய ஆட்களின் சர்வீஸைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றேன். உடம்புவாகு ஆளுக்கு ஆள் மாறும் என்றேன். வெளிநாட்டவர் வந்து போகிறவர்கள், நாங்கள் மழையிலும் வருகிறோம் என்றேன். அப்பளக் கடைக்காரர் ஒவ்வொன்றுக்கும், “அது சரியாணு, அது சரியாணு” என்று தலையாட்டினார்.

டீச்சர் துணியைப் பிழிந்தார். “இவிட எந்து சீனியாரிட்டி, சேட்டா?”

“எல்லா இடத்திலும் இருப்பதுதானே டீச்சர்.”

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காலை நாலு மணிக்கு எழுந்து, தன் பயிற்சியை முடித்து, இத்தனை பேரைத் தூக்கியும் திருப்பியும் களைத்துப்போன முகம் அது. அன்று எனக்கு அந்தக் களைப்பு தெரியவில்லை, பிடிவாதம் என்று நினைத்தேன்.

“செரி,” என்றார் கடைசியில். “நாளெ முதல் ரெண்டாளும் நாவாசனம் செய்தோ.”

படியிறங்கியதும் நாங்கள் கைகுலுக்கிக்கொண்டோம். கோஷம் ஒன்று வாய்வரை வந்தது. சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் நேந்திரம்பழத்தில் போடும் பழம்பொரி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வேலை முடிந்து வந்த மனைவியிடம் பொட்டலத்தை நீட்டினேன்.

“என்ன விசேஷம்?”

“அடுத்த ஆசனம் கிடைச்சிருச்சு.”

அவள் முகம் மலர்ந்தது. நிஜமாகவே மலர்ந்தது. “கை எட்டிருச்சா அத்தான்?”

“அது... பேசித் தீத்தோம்,” என்றேன்.

அவள் பழம்பொரியைப் பிட்டுச் சாப்பிட்டாள். ‘நல்லாயிருக்கு’ என்று ஒரு வார்த்தை சொன்னாள். அது பழம்பொரிக்குச் சொன்னது.

மறுநாள் காலையில் நாலாம் மரீசிக்கு வந்தேன். கைகளுக்கு நடுவே வழக்கம் போல ஒரு சாண் வெளி. அதை அப்படியே விட்டுவிட்டு நாவாசனத்தில் உட்கார்ந்தேன். காலைத் தூக்கினேன். தொடை நடுங்கியது, வயிறு நடுங்கியது, முகவாய்கூட நடுங்கியது. டீச்சர் என்னைத் தாண்டிப் போனார். ‘மதி’ என்று சொல்லவில்லை, திருத்தவுமில்லை. எனக்கு உத்தரவு இருந்தது. உத்தரவு இருப்பவனிடம் அவருக்குச் சொல்ல என்ன இருக்கிறது? பக்கத்தில் அப்பளக் கடைக்காரர் ஆடி ஆடி உட்கார்ந்து, என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்கு அழுகை வந்தது. வேலை, வீடு, புரமோஷன் எல்லாம் வந்த அதே வழியில் இதுவும் வந்துவிட்டது. நானே போராடி, நானே முன்னால் நின்று, அந்த வழியாகவே அதை வரவழைத்திருக்கிறேன். என்னைவிடப் பெரிய முட்டாள் அந்த மாடியில் அன்று இல்லை, கீழே கிடங்கிலும் இல்லை.

ஒரு வாரம் அந்தப் படகில் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு எல்லோரும் போகும்வரை காத்திருந்து டீச்சரிடம் போனேன்.

“டீச்சர், எனக்கு அந்த ஆசனம் வேண்டாம்.”

“எந்து பற்றி? மேலு வேதனையோ?”

“வலியெல்லாம் இல்லை. எங்க ஆபீஸ்ல ஒரு கிளார்க்குக்குப் புரமோஷன் வந்தது. எடுத்தா களமசேரிப் பக்கம் மாத்திருவாங்கன்னு, வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டார். சர்வீஸ்ல அதுக்கு வழி உண்டு. அது மாதிரி நானும் எழுதிக் கொடுத்ததா வச்சுக்கிடுங்க. பழைய இடத்துலயே இருக்கேன்.”

டீச்சர் முதலில் புரியாமல் விழித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை.

“தெற்று என்றேதும் கூடியாணு, சேட்டா,” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. தப்பு தன்னுடையதும்தான் என்று. “தொல்லை தீரட்டும்னு கொடுத்ததாணு. கொடுக்கான் பாடில்லாயிருந்நு.” கொடுத்திருக்கக் கூடாது என்று அவரே சொன்னபோது எனக்கு என்னவோ பெரிய நிம்மதி.

அப்பளக் கடைக்காரர் எழுதிக் கொடுக்கவில்லை. “கிட்டியதை யாராவது திரிச்சுக் கொடுப்பாங்களா?” என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அவர் வியாபாரி. கை எட்டாமலே சந்தோஷமாகப் படகு விட்டுக்கொண்டு, அடுத்த சீசனில் நடைப்பயிற்சிக்கு மாறிவிட்டார்.

நான் நாலாம் மரீசியிலேயே கிடந்தேன். வருஷங்கள் போயின. சீசனுக்குச் சீசன் வெள்ளைக்காரர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். பெரிய பை சுமந்து வந்த அந்தப் பெண்கூட ஒருமுறை திரும்ப வந்தாள். என்னை அதே ஜமுக்காளத்தில், அதே முறுக்கில் பார்த்துவிட்டு, ஊரில் மாறாத ஏதோ ஒன்றைக் கண்ட சந்தோஷத்தோடு கைகூப்பினாள். அதற்குள் வலப்பக்கம் விரல்நுனி கொக்கி போடத் தொடங்கியிருந்தது. இடப்பக்கம் மட்டும் எட்டவேயில்லை. டீச்சர் தினமும் வந்தார், பார்த்தார், “மதி” என்றார். அதைக் கேட்டு ஜமுக்காளத்தைச் சுருட்டுவதற்கு நானும் பழகிக்கொண்டேன். ஆனால் ஆசை விட்டது என்று சொன்னால் பொய். இடப்பக்கம் முறுக்கும் ஒவ்வொரு காலையிலும், இன்றைக்கு எட்டிவிடும் என்றே நினைத்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆனபோது என் மனைவியும் மாடியேறி வந்தாள். குந்தி உட்கார்ந்து சுக்கு பொறுக்கிப் பொறுக்கி அவளுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. டீச்சர் படியில் அவளைப் பார்த்துக் கூப்பிட்டாராம். அவள் சொன்ன காரணம் வேறு.

“மேல என்னதான் நடக்குதுன்னு பாத்துச் சொல்லச் சொல்லி எல்லாப் பொம்பளைகளும் என்னை அனுப்பி வச்சிருக்காளுக.”

புதுச் சுரிதாரைப் போட்டுக்கொண்டு, மூலையில் ஒரு பாயை விரித்து, சூரிய நமஸ்காரத்தைத் திட்டிக்கொண்டே செய்வாள். முடித்ததும் கீழே வேலைக்குப் போய்விடுவாள். முழங்கால் வலி குறைந்தது. திட்டுவது குறையவில்லை.

அந்த வருஷம் ஜூன் மாதம். நல்ல மழை. சீசன் இல்லாததால் மாடியில் நான், மனைவி, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், டீச்சர், அவ்வளவுதான். ஓட்டில் ஒழுகிய தண்ணீர் பக்கெட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் எதிர்க்கோடியில், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, அந்தப் புதுப் பெண்ணுக்குக் கை ஊன்றக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் நாலாம் மரீசிக்கு வந்தேன். வலப்பக்கம் முடித்தேன். இடப்பக்கம் காலை மடக்கி, முறுக்கி, கையைச் சுற்றிப் பின்னால் விட்டேன். யாரோ என் விரல்களைப் பிடித்தார்கள்.

டீச்சர்தான் உதவிக்கு வந்துவிட்டார் என்று நினைத்தேன். சில சமயம் அவர் வந்து பிடித்து இழுத்துச் சேர்த்துவைப்பது உண்டு. ஆனால் டீச்சரின் முதுகு எதிர்க்கோடியில் தெரிந்துகொண்டிருந்தது. பின்னால் யாரும் இல்லை. பிடித்தது என் கை. பிடிபட்டதும் என் கை.

மூச்சு விட மறந்து, பிறகு நினைவு வந்து விட்டேன். ஐந்து மூச்சு நிற்க வேண்டும். நின்றேன். டீச்சர் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றேன். இருமலாமா என்று யோசித்தேன். ‘டீச்சர்’ என்று ஒரு வார்த்தை போதும். வாய்வரை வந்தது. அந்த வாயை நம்பி ஒருமுறை பட்டது போதும் என்று அடக்கிக்கொண்டேன். கால் மரத்துப்போகும்வரை இருந்துவிட்டு விரலை விட்டேன். டீச்சர் அந்தப் பெண்ணின் தோளைத் திருத்திவிட்டு நிமிர்ந்தபோது நான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். தூரத்திலிருந்தே என்னைப் பார்த்து, வழக்கம் போல, “மதி, சேட்டா” என்றார்.

தலையாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டேன். கண்ணை மூடினால் உடம்பெல்லாம் சந்தோஷம். கூடவே, யாருமே பார்க்கவில்லையே என்ற அற்ப துக்கமும் இருந்தது. நாளைக்கு மறுபடி எட்டுமா என்று யாருக்குத் தெரியும்? எட்டாவிட்டால், இப்படி ஒன்று நடந்தது என்பதற்கு என் வாய்ச்சொல்லைத் தவிர வேறென்ன இருக்கிறது?

ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினேன். மனைவி முன்னால், கைப்பிடியைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாகக் காலை வைத்து இறங்கிக்கொண்டிருந்தாள். பாதிப் படியில் நின்று திரும்பாமலே கேட்டாள்.

“இடது கை எட்டிருச்சுல்ல?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “நீ பாத்தியா?”

“குண்டியத் தூக்கிக் குனிஞ்சு நிக்கச் சொல்லியிருக்காங்கல்ல, அப்ப காலுக்கு எடையில தெரிஞ்சுது. தலைகீழாத்தான் தெரிஞ்சுது. ஆனா எட்டிருச்சு.”

“பாத்துட்டு ஏன் பேசாம இருந்தே? டீச்சரக் கூப்பிட்டிருக்கலாம்லா? ஒரு சத்தம் கொடுத்திருந்தா திரும்பிப் பாத்திருப்பாங்கல்லா? எத்தனை வருஷமா இதுக்காக...” என்று நான் படியிலேயே நின்று கொதித்தேன்.

அவள் கடைசிப் படியையும் இறங்கி, முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டு, அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“கூப்பிட்டிருந்தா, அதுவும் நான் சொல்லித்தான் உங்களுக்குக் கிடைச்சுதுன்னு ஆயிருக்கும்லா, அத்தான்?”